ஏழு கோடுகளும் ஒரு வைரமும்: மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிப் படிப்பது எப்படி?

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தில் கிரஹாம் லிகின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் 1960களில் சினை ஆடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். பிரசவ வலி எதனால் தொடங்குகிறது என்பதே அவருடைய கேள்வி. வயிற்றுக்குள் இருந்த குட்டிக்கு ஸ்டீராய்டு வகை மருந்தைச் செலுத்தினால் அது நாள் நிறையாமலே பிறந்தது. அதை அவர் எதிர்பார்த்துத்தான் இருந்தார். எதிர்பார்க்காதது வேறு. நுரையீரல் விரியாமல் பிறந்த கையோடு செத்திருக்க வேண்டிய குட்டி மூச்சு விட்டது. குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியைச் சேர்த்துக்கொண்டு, குறைமாதத்தில் வலி கண்ட தாய்மாருக்கு இதே வகை மருந்தை ஊசியாகப் போட்டுச் சோதித்தார். 1972இல் முடிவு வெளியானது. பிறந்த குழந்தைகளிடம் மூச்சுத்திணறலும் குறைந்தது, சாவும் குறைந்தது.

அடுத்த பத்தாண்டுக்குள் இதே கேள்வியோடு மேலும் சில சோதனைகள் நடந்தன. மொத்தம் ஏழு. பெரும்பாலானவை சிறியவை, தனித்தனியே படித்தால் ‘பலன் இருக்கலாம், அடித்துச் சொல்ல முடியாது’ என்று முடிந்தவையே அதிகம். இவற்றை ஒன்றாகத் திரட்டிக் கணக்குப் போட்டவர் டப்ளின் நகர மகப்பேறு மருத்துவர் பட்ரீசியா கிரௌலி. குறைமாதக் குழந்தைகளின் சாவு 30 முதல் 50 சதவீதம் வரை குறையக்கூடும் என்று தெரிந்தது. 1989இல் இது அச்சில் வந்தது. ஆனாலும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் இந்த ஊசியைப் பரவலாகப் போடச் சொல்லிப் பரிந்துரைக்க 1994 ஆயிற்று. அதற்குள் எத்தனை குழந்தைகள்!

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மீளாய்வு செய்யும் காக்ரேன் அமைப்பின் சின்னத்தைப் பார்த்திருப்பவர்கள் இந்தக் கதையைத் தெரியாமலே பார்த்திருக்கிறார்கள். அந்தச் சின்னத்தின் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. குறுக்கே ஏழு கிடைக்கோடுகள், அவைதாம் அந்த ஏழு சோதனைகள். கிடைக்கோடு நீளமாக இருந்தால் அந்தச் சோதனையின் உறுதி குறைவு என்று பொருள். அது செங்குத்துக் கோட்டை வெட்டினால் மருந்துக்கும் மருந்தில்லாத ஊசிக்கும் வித்தியாசம் இருப்பதாகச் சாதிக்க முடியாது. ஏழில் பெரும்பாலானவை வெட்டுகின்றன. அடியில் ஒரு சின்ன வைரம், ஏழையும் சேர்த்த கணக்கு. அது மட்டும் நடுக்கோட்டைத் தொடாமல் தெளிவாக ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கிறது.

அந்த அமைப்புக்குப் பெயர் தந்த ஆர்ச்சி காக்ரேன் ஸ்காட்லாந்தில் பிறந்த மருத்துவர். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்தவர். ஒவ்வொரு துறையிலும் நடந்த சமவாய்ப்புச் சோதனைகளை முழுதாகத் திரட்டி, அவ்வப்போது புதுப்பித்து வைக்க நம் தொழிலில் ஏற்பாடே இல்லையே என்று 1979இல் எழுதினார். யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தில்லை என்பதைக் குலுக்கல் போலத் தற்செயலுக்கு விட்டுவிடும் சோதனைக்குத்தான் சமவாய்ப்புச் சோதனை என்று பெயர். காக்ரேனின் குறையைக் கேட்டு வேலையில் இறங்கியவர்களில் முதன்மையானவர் இயன் சாமர்ஸ். 1992இல் ஆக்ஸ்ஃபோர்டில் அவர் தலைமையில் முதல் காக்ரேன் மையம் திறந்தது.

ஒரு சோறு போதாது

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலுக்குச் சரி. பானைக்குள் எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில், ஒரே சூட்டில் வெந்தது. மருத்துவச் சோதனைகள் அப்படியல்ல. நோயாளிகள் வேறு, அளவு வேறு, ஊர் வேறு. ஒன்றைப் படித்துவிட்டு மற்றதைச் சொல்ல முடியாது.

பழைய பாணியில் பெரிய மருத்துவர் ஒருவர் தனக்குத் தெரிந்த, தனக்குப் பிடித்த பத்துப் பதினைந்து கட்டுரைகளை வைத்து ஒரு தொகுப்புக் கட்டுரை எழுதுவார். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் எதை விட்டார், ஏன் விட்டார் என்று யாருக்கும் தெரியாது. முறைசார் மீளாய்வு, அதாவது மருத்துவக் கல்லூரிகளில் எல்லோரும் சொல்லும் ‘சிஸ்டமேட்டிக் ரிவ்யூ’, இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. கேள்வி, தேடல், சேர்த்தது, விலக்கியது, காரணம் ஆகிய எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவைத்து, இன்னொருவர் அதே வழியில் போனால் அதே இடத்துக்கு வரும்படி செய்வது. கிடைத்த எண்களைச் சேர்த்து ஒரே விடையாக்கும் கணக்கின் பெயர் மெட்டா அனாலிசிஸ். இது மீளாய்வின் ஒரு பகுதிதான், அதுவும் கட்டாயமில்லை. எண்களைச் சேர்க்கும் எண்ணம் புதிதல்ல. தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருந்த பிரிட்டிஷ் படைவீரர்களுக்குப் போடப்பட்ட டைஃபாய்டு தடுப்பூசியின் கணக்குகளை 1904லேயே கார்ல் பியர்சன் ஒன்றாகப் பார்த்திருக்கிறார்.

பேரெல்லாம் கணக்குக்குத்தான் போகிறது. கருத்தரங்கில் கைதட்டல் வாங்குவது அந்த வைரம். ஆனால் ஒரு மீளாய்வின் தலையெழுத்து அதற்கு மிக முன்பே, தேடும் கட்டத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது. வலையில் விழாத ஆய்வை எந்தப் புள்ளியியலாலும் மீட்க முடியாது.

தேடல் என்றால் என்ன?

நமக்குத் தெரிந்த ஒரு மருந்தையே எடுத்துக்கொள்வோம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தோடு ஜிங்க் மாத்திரையும் தருகிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004இல் சொன்ன யோசனை இது. ஜிங்க் உண்மையிலேயே வயிற்றுப்போக்கின் நாட்களைக் குறைக்கிறதா?

முதலில் கேள்வியை நான்காகப் பிளக்க வேண்டும். யாருக்கு: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு. என்ன: ஜிங்க். எதோடு ஒப்பிட்டு: மருந்தில்லா மாத்திரையோடு. எதை அளந்து: வயிற்றுப்போக்கு நீடித்த நேரத்தை. இந்தக் கடைசிப் பகுதியில் சறுக்குபவர்களே அதிகம். ஆய்வுகளைப் படித்துவிட்டு, எதில் நல்ல எண் வருகிறதோ அதை ‘நாங்கள் அளக்க நினைத்தது’ என்று பின்னால் எழுதுவது எளிது. அதைத் தடுக்கத்தான் யார்க் பல்கலைக்கழகம் 2011இல் ப்ராஸ்பெரோ என்ற பதிவேட்டைத் தொடங்கியது. தேடுவதற்கு முன்பே திட்டத்தை அங்கே பதியலாம், காசில்லை.

அடுத்து பப்மெட். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இலவசத் தளம். அதன் தேடுபெட்டியில் ‘ஜிங்க், டயரியா, சில்ரன்’ என்று மூன்று சொல்லைப் போட்டு என்டர் தட்டுவது தேடல் அல்ல. முதல் வரியில் ஜிங்க் தொடர்பான எல்லாச் சொற்களும் வரும். ஜிங்க் சல்ஃபேட், குளுகோனேட், அசிடேட் என்று ஒன்றுவிடாமல் எழுதி ‘ஆர்’, அதாவது ‘அல்லது’ என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டுக் கோக்க வேண்டும். இரண்டாவது வரியில் வயிற்றுப்போக்கு, அதோடு இரைப்பைக் குடல் அழற்சி, சீதபேதி, காலரா. ஆங்கிலத்தில் இந்த நோயின் பெயரை பிரிட்டனில் ஓர் எழுத்துக் கூட்டியும் அமெரிக்காவில் குறைத்தும் எழுதுகிறார்கள். சொல்லின் நடுவில் வெட்டி, மீதி எழுத்து எதுவானாலும் சரி என்று சொல்லும் நட்சத்திரக் குறியைப் போடாவிட்டால் ஒரு பாதி உலகம் விடுபட்டுப்போகும். மூன்றாவது வரி குழந்தைகளுக்கு. நான்காவது, சமவாய்ப்புச் சோதனைகளை மட்டும் வடித்தெடுக்கும் சொற்கள். நான்கையும் ‘அண்ட்’ போட்டு இணைக்க வேண்டும். இதோடு ‘மெஷ்’ என்ற தலைப்புச் சொற்களையும் சேர்க்க வேண்டும். அந்த நூலகம் கட்டுரைகளுக்கு ஒட்டும் முத்திரை போன்றவை அவை. ஆசிரியர் என்ன சொல்லைப் பயன்படுத்தியிருந்தாலும் முத்திரை ஒன்றுதான்.

இப்படித் தேடினால் குப்பையும் சேர்ந்தே வரும். வர வேண்டும். வந்ததெல்லாம் பொருத்தமாக இருந்தால் வலையின் கண் சின்னதாகிவிட்டது என்று சந்தேகப்படுங்கள்.

பப்மெட்டோடு நின்றுவிடக் கூடாது. ஐரோப்பிய இதழ்களுக்கு எம்பேஸ், லத்தீன் அமெரிக்காவுக்கு லிலாக்ஸ், சோதனைகளுக்கு மட்டுமென்றே காக்ரேன் நூலகத்தில் உள்ள சென்ட்ரல். எம்பேஸ் கட்டணத் தளம். நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றால் எட்டாதது. இதற்கு ஓரளவு மாற்று உண்டு. எம்பேஸில் உள்ள சோதனைகளின் பதிவுகளை காக்ரேன்காரர்கள் எடுத்து சென்ட்ரலில் சேர்க்கிறார்கள். பிறகு, கிடைத்த கட்டுரைகளின் அடிக்குறிப்புகளைப் புரட்டி விட்டதைப் பிடிக்க வேண்டும். கூகுள் ஸ்காலரில் முதல் இரண்டு பக்கத்தைப் பார்த்துவிட்டு ‘விரிவான தேடல் மேற்கொள்ளப்பட்டது’ என்று எழுதும் தீசிஸ்களுக்குப் பஞ்சமில்லை. வழிகாட்டும் பேராசிரியரும் அதற்குக் கையெழுத்துப் போடுகிறார். அந்தத் தேடலை வேறொருவர் நாளை திரும்பச் செய்தால் வேறு வரிசையில் வேறு கட்டுரைகள் வரும். முறை என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை.

திரண்டதைச் சலிப்பது இருவர் வேலை. இருவரும் ஒருவர் முடிவை மற்றவர் பார்க்காமல் தலைப்பையும் சுருக்கத்தையும் படித்து வேண்டும், வேண்டாம் என்று பிரிக்க வேண்டும். ஒத்துவராத இடத்தில் மூன்றாமவர் தீர்ப்பு. ரய்யான் போன்ற இலவச மென்பொருட்கள் இதைச் சுலபமாக்கிவிட்டன. எத்தனை வந்தது, எத்தனை எந்தக் காரணத்தால் கழிந்தது என்பதை, மீளாய்வை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் பிரிஸ்மா விதிகள் கேட்கும் படத்தில் காட்ட வேண்டும். ஒரு மீளாய்வு கையில் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது அந்தப் படத்தையும், பின்னிணைப்பில் தேடல் வரிகள் அப்படியே அச்சாகியிருக்கின்றனவா என்பதையும்தான். வரிகள் இல்லையென்றால் மீதியை அவசரமில்லாமல் படிக்கலாம்.

வலைக்கு வராத மீன்கள்

சரியாகத் தேடினாலும் அச்சில் வந்ததுதான் கிடைக்கும். அச்சில் வராதது? 2008இல் எரிக் டர்னரும் கூட்டாளிகளும் மனச்சோர்வு மருந்துகளைப் பற்றி ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.விடம் பதிவான 74 சோதனைகளை எடுத்து, அவை இதழ்களில் எப்படி வந்தன என்று ஒவ்வொன்றாகத் துரத்திப் பார்த்தார்கள். மருந்துக்குச் சாதகமானவை 38. அவற்றில் 37 அச்சேறின. மற்ற 36இல் 22 வெளிவரவே இல்லை. 11 சாதகமானவை போல ஒப்பனை செய்யப்பட்டு வந்தன. உள்ளதை உள்ளபடி சொன்னவை மூன்றே மூன்று. இதழ்களை மட்டும் படித்த மருத்துவருக்கு 94 சதவீதச் சோதனைகள் வெற்றி, எஃப்.டி.ஏ.வின் கோப்பைப் பார்த்தால் 51 சதவீதம். அந்த மருத்துவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தும் என்ன?

ஃப்ளூ காய்ச்சலுக்குத் தரும் டாமிஃப்ளூ மருந்தின் விவகாரம் இன்னும் காரமானது. பன்றிக் காய்ச்சல் பரவிய 2009இல் கெய்ஜி ஹயாஷி என்ற ஜப்பானியக் குழந்தை மருத்துவர் காக்ரேனுக்கு ஒரு கேள்வி அனுப்பினார். டாமிஃப்ளூ நிமோனியா போன்ற சிக்கல்களைக் குறைக்கிறது என்று உங்கள் மீளாய்வு சொல்கிறதே, அதற்கு ஆதாரமான கட்டுரை பத்துச் சோதனைகளைச் சேர்த்தது, அவற்றில் இரண்டுதானே அச்சில் உள்ளன, மீதி எட்டை நீங்கள் பார்த்தீர்களா? பார்க்கவில்லை. தயாரித்த ரோஷ் நிறுவனத்திடம் தரவைக் கேட்டு, அந்த மீளாய்வைச் செய்த டாம் ஜெஃபர்சன் குழு நடையாய் நடந்தது. முழு அறிக்கைகள் கைக்கு வர 2013 ஆயிற்று, அதுவும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் பகிரங்கமாக நெருக்கிய பிறகு. ஒன்றரை லட்சம் பக்கங்களுக்கு மேல் படித்து 2014இல் அவர்கள் சொன்னது: பெரியவர்களுக்குக் காய்ச்சல் அறிகுறிகள் 7 நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைகின்றன. மருத்துவமனையில் சேரும் தேவை குறைவதற்கு நம்பும்படியான சான்று இல்லை. பிரிட்டன் அரசு மட்டும் அந்த மருந்தை வாங்கிக் குவிக்க 42 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்திருந்தது.

சோதனை தொடங்கும்போதே பதிந்துவிட்டால் பிறகு மறைப்பது கடினம். நம் நாட்டில் அந்த வேலையைச் செய்வது சி.டி.ஆர்.ஐ. பதிவேடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். நடத்தும் இது 2007 ஜூலையில் தொடங்கியது. மருந்துச் சோதனைகளை அதில் பதிவது 2009 ஜூன் முதல் கட்டாயம். மீளாய்வு செய்பவர் இதையும் அமெரிக்கப் பதிவேட்டையும் அலச வேண்டும். பதிவில் இருந்து, அச்சில் இல்லாத சோதனை கண்ணில் பட்டால் ஆய்வாளருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்க வேண்டும். பதில் வராமல் போவதும் உண்டு. எழுதியதையும் பதில் வராததையும் மீளாய்வில் குறித்துவிட வேண்டியதுதான்.

சேர்த்தபின்

கிடைத்த சோதனைகள் எல்லாம் ஒரே தரம் அல்ல. குலுக்கல் ஒழுங்காக நடந்ததா, அளந்தவருக்கு யார் எந்த மருந்து சாப்பிட்டார் என்று தெரியுமா, பாதியில் காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொன்றையும் துருவ வேண்டும். எண்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது அதன் பிறகு. மொத்த முடிவை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு கிரேடு என்ற முறையில் உயர்வு, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என நான்கு படிகள் உண்டு.

ஜிங்க் என்ன ஆனது? மார்சியா லாட்சரினியும் கூட்டாளியும் 2016இல் புதுப்பித்த காக்ரேன் மீளாய்வில் 33 சோதனைகள், 10,841 குழந்தைகள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குத் திடீர் வயிற்றுப்போக்கு ஏறக்குறைய அரை நாள் முன்னதாக நிற்கக்கூடும். வாந்தி கொஞ்சம் கூடுகிறது. ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைகளுக்குப் பலன் தெரியவில்லை. அந்த அரை நாள் சிறியதா பெரியதா என்பதை, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இரவெல்லாம் நடந்த தாய் சொல்லட்டும். ஆனால் ‘ஜிங்க் நல்லது’ என்ற ஒற்றை வரியைவிட இந்த விடை எவ்வளவு பயனுள்ளது பாருங்கள்.

இதிலெல்லாம் ஓர் எழுதப்படாத நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. சோதனை நடந்தது, ஆய்வாளர் பொய் சொல்லவில்லை என்ற நம்பிக்கை. கொரோனாவுக்கு மருந்தென்று பேசப்பட்ட ஐவர்மெக்டின் அதை உடைத்தது. எகிப்திலிருந்து வந்த ஒரு சோதனை, சாவு பெருமளவு குறைந்ததாகச் சொன்னது. இதழ் எதிலும் வராத முன்வரைவு அது. ஆனாலும் சில மெட்டா அனாலிசிஸ்களில் சேர்ந்துகொண்டு விடையையே தன் பக்கம் இழுத்தது. 2021 ஜூலையில் அது திரும்பப் பெறப்பட்டது. லண்டனில் படித்த மருத்துவ மாணவர் ஒருவர் அதன் தரவை நோண்டியபோது, நோயாளிகளின் விவரங்கள் நகலெடுத்தவை போலத் திரும்பத் திரும்ப வந்தன. சோதனை தொடங்கும் முன்பே இறந்தவர்களும் கணக்கில் இருந்தார்கள். சந்தேகத்துக்குரிய சோதனைகளை நீக்கியதும் மருந்தின் பலனும் போயிற்று. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இந்த மருந்தைத் தரப்போவதாக கோவா அரசு அறிவித்திருந்தது. அந்த ஆண்டிலேயே, நம்பகம் சந்தேகத்துக்குரிய ஆய்வுகளை எப்படிக் கையாள்வது என்று காக்ரேன் தனி விதி வகுத்தது.

எங்கே நடந்த சோதனை?

வைரம் சரியாக இருந்தும் தவறு நடக்கலாம். குறைமாதப் பிரசவ ஸ்டீராய்டு ஊசிக்கு ஆதாரமாக இருந்த சோதனைகள் பெரும்பாலும் வசதியான மருத்துவமனைகளில் நடந்தவை. அங்கே கருவின் வயது ஸ்கேனில் தெரியும். பிறந்த குழந்தைக்கு வெண்டிலேட்டர் காத்திருக்கும். இந்த ஊசி கிராமங்களுக்கும் போகட்டும் என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. இந்திய அரசும் 2014இல், பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமுன் கிராம சுகாதார செவிலியரே முதல் ஊசியைப் போட வழி செய்தது.

அதே சமயத்தில் இந்தியாவின் பெலகாவி, நாக்பூர் பகுதிகள் உட்பட ஆறு நாடுகளில், சுமார் ஒரு லட்சம் பிரசவங்களில் ஒரு பெரிய சோதனை நடந்து முடிந்தது. கடைசி மாதவிலக்கு தேதி தெரியாத தாய்மாருக்கு வயிற்றின் உயரத்தை டேப்பால் அளந்து கருவின் வயதைக் கணித்தார்கள். முடிவு அதிர்ச்சி. மிகச் சிறிய குழந்தைகளின் சாவு குறையவில்லை; எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் சாவு கூடியிருந்தது. ஊசி போடப்பட்ட தாய்மாரில் பெரும்பாலோருக்கு அது தேவையே பட்டிருக்கவில்லை. தாய்க்கு நோய்த்தொற்று ஏற்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்டதும் அதிகம்.

ஆகவே உலக சுகாதார நிறுவனம் இன்னொரு சோதனை நடத்தியது. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா, 29 மருத்துவமனைகள், 2,852 தாய்மார், எல்லோருக்கும் ஸ்கேன். 2020இல் வெளியான முடிவில், ஊசி போட்டவர்களின் குழந்தைகளில் 19.6 சதவீதமும், போடாதவர்களின் குழந்தைகளில் 23.5 சதவீதமும் 28 நாட்களுக்குள் இறந்திருந்தன. ஏழைநாட்டு மருத்துவமனையிலும் ஊசி உயிரைக் காக்கிறது, கருவின் வயது சரியாகத் தெரிந்து, பிறந்த குழந்தையைக் கவனிக்க ஆளும் கருவியும் இருந்தால்.

தொடங்குமுன் தேடுங்கள்

மாரடைப்புக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தை 1959 முதல் 1988 வரை 33 சோதனைகள் ஆராய்ந்தன. அவ்வப்போது கூட்டிப் பார்த்திருந்தால், எட்டுச் சோதனைகளும் 2,432 நோயாளிகளும் ஆன 1973லேயே பலன் உறுதியாகியிருக்கும் என்று பின்னால் கணக்கிட்டார்கள். அதன் பிறகும் 34,000க்கு மேற்பட்டவர்கள் 25 சோதனைகளில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மருந்து போகவில்லை.

இன்று நிலைமை நேரெதிர். சோதனைகளைவிட மீளாய்வுகள் மலிந்துவிட்டன. 2007 முதல் 2014 வரை மனச்சோர்வு மருந்துகளுக்கு மட்டும் 185 மெட்டா அனாலிசிஸ்கள் வந்தன. அவற்றில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கில் அந்தந்த மருந்து நிறுவன ஊழியர்களே ஆசிரியர்கள். நம் ஊரில் காரணம் வேறு. பேராசிரியர் பதவி உயர்வுக்குக் கணக்கில் வரும் கட்டுரைகளில் மீளாய்வும் ஒன்று. நோயாளியைச் சேர்க்க வேண்டாம், ஆய்வகம் வேண்டாம், கணினி போதும் என்ற நினைப்பு. ஒழுங்காகச் செய்தால் அது மலிவல்ல. ப்ராஸ்பெரோவில் பதிந்த 195 மீளாய்வுகளை அலசியதில், பதிவிலிருந்து அச்சுவரை சராசரியாக 67 வாரங்கள் ஆகியிருந்தன.

எனவே ஒரு கேள்வி மனதில் தோன்றினால், ஏற்கெனவே யாராவது செய்திருக்கிறார்களா என்பதுதான் முதல் தேடல். சிலி நாட்டிலிருந்து நடக்கும் எபிஸ்டெமோனிகோஸ் என்ற இலவசத் தளம் முக்கியமாக மீளாய்வுகளைத் திரட்டிவைக்கிறது. காக்ரேன் மீளாய்வுகளின் சுருக்கங்களை யாரும் படிக்கலாம். எளிய நடைச் சுருக்கங்களில் பல தமிழிலும் உள்ளன. முழு மீளாய்வும் வெளியாகி ஓராண்டு கழிந்தால் பெரும்பாலும் காசில்லாமல் கிடைக்கும். தென்னாசியாவில் காக்ரேன் வேலையை வேரூன்றச் செய்தவர்களில் வேலூர் சி.எம்.சி. மனநல மருத்துவர் பிரதாப் தர்யன் முக்கியமானவர். அங்கே பயிற்சிப் பட்டறைகளில் தேடக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறையே உண்டு.

கிடைத்த மீளாய்வில் வெளியான ஆண்டைப் பார்க்காதீர்கள். கடைசியாகத் தேடிய தேதியைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு இடைவெளி சாதாரணம். நூறு மீளாய்வுகளை ஆராய்ந்த 2007ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், கால்வாசிக்குச் சற்றுக் குறைவானவை இரண்டே ஆண்டில் திருத்த வேண்டிய நிலைக்கு வந்துவிட்டன. தேதி பழையதாகி, ப்ராஸ்பெரோவில் அதே கேள்வியோடு வேறு யாரும் பதியவும் இல்லையென்றால் வேலையைத் தொடங்கலாம். யாராவது பதிந்திருந்தால் அங்கேயே தொடர்பு முகவரி இருக்கும். எழுதிக் கேட்டு அவர்கள் குழுவில் சேர்ந்துகொள்ளப் பாருங்கள். தேடல் வரிகளை எழுதத் தெரிந்த ஆள் கிடைத்தால் எந்தக் குழுவும் வேண்டாம் என்று சொல்லாது.